வயலில் நின்ற கப்பல்

எழுத்தாளனுக்கு வருகிற கடிதங்கள் இரண்டு ரகம். ஒரு ரகத்தை வீட்டில் எல்லாரும் பார்க்கும்படி மேஜைமேல் வைக்கிறோம். மற்றொன்றை நாம் மட்டும் படித்துவிட்டு டிராயருக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறோம்.

இரண்டாவது ரகத்தைச் சேர்ந்த கடிதம் ஒன்று என் டிராயரில் வெகுநாளாகக் கிடந்தது. தூத்துக்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தை வைத்து நான் ஒரு தொடர்கதை எழுதியிருந்தேன். அதில் கதாநாயகன் ஒரு பௌர்ணமி இரவில், கொற்கைத் துறைமுகத்தில், அராபியக் குதிரைக் கப்பலிலிருந்து குதித்து இறங்குகிறான். நிலவு, அலையோசை, தூரத்தில் ஒரு பெண்ணின் சிரிப்பு, எல்லாம் குறைவில்லாமல் வைத்திருந்தேன். வாசகர் எழுதியிருந்தார்: “ஐயா, குலசேகரன் காலத்தில் கொற்கையை விட்டுக் கடல் போய்விட்டது. தாங்கள் கப்பலை நெல் வயலில் கொண்டு நிறுத்திவிட்டீர்கள். கதாநாயகன் சேற்றில்தான் குதித்திருப்பான். ஒரு தடவையாவது கொற்கைக்கு வந்து பாருங்கள்.”

நான் திருநெல்வேலிக்காரன். கொற்கை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம். நாற்பது வயதைத் தாண்டியும் அங்கே கால் வைத்ததில்லை. கடிதம் சுட்டதற்கு அதுதான் காரணம்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்காள் மகன் விடுமுறையில் வந்து சேர்ந்தான். வெளிநாட்டில் வேலை. முதுகில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு நார்வே தேசத்தைப் பஸ்ஸிலேயே சுற்றிவிட்டு வந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்து மூன்று நாள் அதைப் பற்றியே பேசினான். பனியே ஆறாக உறைந்து மலையிலிருந்து இறங்குகிறதாம். கடல் மலைக்குள் புகுந்து மைல் கணக்கில் போகிறதாம். அந்தப் பள்ளங்களைக் குடைந்ததும் பழைய பனியாறுகள்தானாம்.

“நிகார்ட்ஸ்பிரேன்னு ஒரு பனியாறு மாமா. 1748-லே அது ரொம்ப தூரம் கீழே வந்து வயல், வீடு எல்லாத்தையும் விழுங்கிடுச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பின்வாங்கிருச்சு. இன்னைக்கு நாலு கிலோமீட்டருக்கு மேலே நடந்து போனாத்தான் பனியைப் பார்க்கலாம். வழி நெடுக, எந்த வருஷம் எதுவரைக்கும் பனி இருந்துச்சுன்னு குறிச்சு வச்சிருக்கான். பார்த்தா வயித்தைக் கலக்குது. நம்ம ஊர்லே அப்படி என்ன மாமா இருக்கு?”

“இருக்குலே. நாளைக்கு அந்தப் பையை எடுத்துக்கோ. பஸ்ஸிலேயே போவோம்” என்றேன். என்ன காட்டப்போகிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது. டிராயரிலிருந்த கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மேற்கே போனோம். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று பஸ் ஊர் ஊராக நின்று நின்று பாபநாசம் போய்ச் சேர்ந்தது. குளித்துவிட்டுப் படித்துறையில் உட்கார்ந்தோம். மேலே பொதிகை மேகத்துக்குள் இருந்தது. அதன் உயர்ந்த சிகரம் 1,868 மீட்டர். அங்கே பனிக்கட்டி கிடையாது.

“அப்போ வருஷம் முழுக்க எப்படி மாமா தண்ணி வருது?”

இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இந்த மலைக்கு உண்டு. கார், பிசானம் என்று இரண்டு போகம் எங்கள் சமவெளியில் விளைந்ததற்கு அதுவே காரணம். பெய்த மழையை ஒரே நாளில் ஓடவிடாமல் காடு வாங்கி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. வடக்கே கங்கைக்குப் பனி செய்கிற உபகாரத்தைத் தாமிரபரணிக்குச் சோலைக்காடு செய்கிறது. வடக்கேயிருந்து வந்த அகஸ்தியர் இந்த மலையில் தங்கிவிட்டார் என்று சொல்லுகிறார்களே, பனியை விட்டுவிட்டுக் காட்டுக்கு வந்த முதல் பிரயாணி அவர்தான் போலிருக்கிறது.

இங்கே புறப்படும் ஆறு கடலைச் சேர ஓடும் தூரம் சுமார் 128 கிலோமீட்டர்தான். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே ஜில்லாவில் அமைந்த பெண் மாதிரி, 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை பழைய திருநெல்வேலிச் சீமையை விட்டு அது வெளியே போனதில்லை. அந்தச் சிறிய தூரத்துக்குள் எட்டு அணைக்கட்டுகள். ஏழு வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே கட்டியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது.

மறுநாள் கிழக்கே கிளம்பினோம். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி ஆதிச்சநல்லூரில் இறங்கினோம். ஆற்றின் தென்கரையில் சரளைக்கல் மேடு. 114 ஏக்கர் பரப்பு, அவ்வளவும் இடுகாடு. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். தாழிகளும், இரும்பு ஆயுதங்களும், வெண்கலப் பாத்திரங்களும், நெற்றியில் கட்டும் பொன் பட்டங்களும் கிடைத்தன. இப்போது சில தாழிகளை எடுக்காமல் குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள்.

கண்ணாடிமேல் நின்று குனிந்து பார்த்த மருமகன் மெதுவாகக் கேட்டான்: “செத்தவங்களை ஏன் மாமா இந்தக் கல்லுக்குள்ளே கொண்டாந்து வச்சாங்க?”

“கல்லிலே நெல் விளையாது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலை உயிரோடிருப்பவர்களுக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள்” என்றேன். சொன்ன பிறகுதான் அந்த ‘வண்டல்’ என்ற சொல் என் மனத்தில் தங்கியது.

ஸ்ரீவைகுண்டத்தில் அதற்கு விளக்கம் கிடைத்தது. டீக்கடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு மங்கிய கோடு. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தின் அடையாளம். அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

“தண்ணி வடிஞ்சிட்டுது அண்ணாச்சி. மண்ணுதான் வடியலை” என்றார் கடைக்காரர். “வீட்டுக்குள்ள முழங்கால் உசரம் சேறு. வெட்டி வெட்டிப் போட்டோம். வயக்காட்டுல போட்ட மண்ணை யாரு வெட்ட?”

ஆறு தன் வேலையை ஒளித்துச் செய்வதில்லை. நாம்தான் பார்ப்பதில்லை.

ஏரலில் இறங்கி ஆட்டோவில் கொற்கைக்குப் போனோம். போகிற வழியெல்லாம் வாழையும் நெல்லும். கடைசியில் ஒரு சிறிய கிராமம், பெரிய குளம், வெற்றிவேலம்மன் கோயில், வயது சொல்ல முடியாத ஒரு வன்னி மரம். அவ்வளவுதான் கொற்கை. கிரேக்க மாலுமியின் ‘பெரிப்ளூஸ்’ முதல் நூற்றாண்டில் ‘கொல்கி’ என்று குறித்த முத்துத் துறைமுகம் இதுவே. குற்றவாளிகளை விட்டு இங்கே முத்துக் குளிக்கச் செய்தார்கள் என்று அந்நூல் சொல்லுகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் இதைக் குறித்தார். 1968-69-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணக்கிட்டார்கள்.

குளக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும், “தோண்ட வந்திருக்கியளா?” என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

“கடல் எங்கே இருக்கு, பெரியவரே?”

கிழக்கே கையைக் காட்டினார். வயலும் பனையும்தான் தெரிந்தன. ஆறேழு கிலோமீட்டர் போகவேண்டும். “முன்ன இங்கனதான் கெடந்துச்சாம். எங்க வயல்ல கெணறு வெட்டும்போது சிப்பியா வந்துது. அது சங்கு, சிப்பின்னு கெடக்க எடம் வேற, நாம இருக்க எடம் வேற இல்ல தம்பி. மேல நாம, கீழ அது.”

இடையன்குடியில் இருந்த கால்டுவெல் இதைத்தான் கண்டார். கொற்கையில் தோண்டிப் பார்த்து 1877-இல் எழுதினார். வயல் மண்ணுக்குக் கீழே கடற்சிப்பிகள். ஆறு தன் வாயைத் தானே வண்டலால் அடைத்துக்கொண்டு, கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. மலையின் மண்ணே துறைமுகத்தைத் தூர்த்தது. எந்த ஆற்றால் கொற்கைக்கு வாழ்வு வந்ததோ அந்த ஆறே அதை மேட்டில் விட்டுவிட்டுப் போயிற்று.

கடல் போனதும் கப்பல்கள் என்ன செய்யும்? பின்னாலேயே போயின. அடுத்த நிறுத்தம் காயல். நாங்களும் அதே வழியில் பழையகாயலுக்குப் போனோம். 1292-ஐ ஒட்டி மார்க்கோ போலோ வந்து வியந்த ‘காயில்’ இதுதான் என்பது கால்டுவெல்லின் முடிவு. காயல்பட்டினத்துக்காரர்கள் அது தங்கள் ஊர் என்பார்கள். அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லப் போவதில்லை. மேற்கேயிருந்து, ஆர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து, குதிரைக் கப்பல்கள் எல்லாம் காயலுக்குத்தான் வந்தன என்று அந்த வெனிஸ்காரர் எழுதியிருக்கிறார். அப்போது ஆண்டவன் யார்? என் குலசேகர பாண்டியனேதான்! கடிதம் எழுதிய வாசகர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. சட்டைப் பையிலிருந்த கடிதம் ஒரு தடவை நெஞ்சில் உறுத்தியது.

கால்டுவெல் நடந்த காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் சீனப் பீங்கான் உடைசல்கள் கிடந்தன. நாங்கள் பார்த்தது உப்பளமும் உடைமரமும். காயலையும் ஆறு விட்டுவைக்கவில்லை. அங்கிருந்து கடலை ஒட்டி நகர்ந்து ஆற்றுவாயில் வளர்ந்தது புன்னைக்காயல். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் முத்துக்குளித்துறையில் முக்கியமாகக் கொண்டிருந்த ஊர் அது. பிறகு அவர்களும் தூத்துக்குடிக்குப் போனார்கள். 1658-இல் டச்சுக்காரர் வந்தார்கள். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அங்கேதான். அந்தத் துறைமுகத்திலும் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நிற்கும். 1974-இல் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதாங்கிச் சுவர் எழுப்பிப் புதிய துறைமுகம் கண்டார்கள். ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கடல் எங்கே என்று தேடிப் போனவர்கள், அப்போதுதான் கடலை ஓர் இடத்தில் நிற்கச் சொன்னார்கள்.

முக்காணிப் பாலம் கடந்து, ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். ஆறு சத்தமில்லாமல் கடலில் கலந்துகொண்டிருந்தது. படகுகளைக் கட்டிவிட்டு வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

மருமகன் பையைக் கழற்றி மணலில் வைத்தான். வெகுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னான்: “நம்ம ஊர்லேயும் வருஷம் குறிச்சுத்தான் வச்சிருக்கு மாமா. அங்கே பலகை, இங்கே ஊரு. கொற்கை ஒண்ணு, காயல் ஒண்ணு, புன்னைக்காயல் ஒண்ணு. அங்கே பனி பின்வாங்கினது, இங்கே கடல் பின்வாங்கினது.”

நான் தேடிய வார்த்தையை அவன் சொல்லிவிட்டான். அதோடு நிற்கவில்லை. இருபதினாயிரம் வருஷங்களுக்கு முன் உலகத்தின் தண்ணீர் ஏராளமாகப் பனியில் அடைபட்டிருந்தபோது கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்ததாம். நமக்கும் இலங்கைக்கும் நடுவே நடந்தே போகலாம். பனி உருகக் கடல் ஏறி வந்தது. ஏற்றம் ஓய்ந்த பிறகே ஆறு வண்டலைக் கொட்டிக் கடலைத் தள்ளத் தொடங்கியது. கண்ணால் பார்த்தறியாத பனிதான் முதலில் எங்கள் கடற்கரையைக் கிழித்திருக்கிறது.

“இப்போ மறுபடி உருகுது மாமா. 1900-க்கு அப்புறம் கடல் இருபது சென்டிமீட்டர் உயர்ந்திருக்கு. நான் பார்த்த பனியாத்துத் தண்ணியும் இதுலேதான் கலந்திருக்கும். வண்டலையும் நாம அணையிலே நிறுத்திட்டோம். இனிமே யாரு யாரைத் தள்ளுவா?”

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் இதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தார். “அதுக்குள்ள இருட்டிரும், கடைசி பஸ்ஸு போயிரும்” என்றார்.

ஓடிப் போய்ப் பஸ்ஸைப் பிடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வாசகருக்குப் பதில் எழுதினேன். “தாங்கள் எழுதியது சரி. கொற்கைக்குப் போய்வந்தேன். அடுத்த பதிப்பில் கப்பல் காயலில் நிற்கும். ஆனால் கதாநாயகனை ஒருநாள் கொற்கைக்கும் அனுப்பப் போகிறேன். தன் பாட்டன்மார் காலத்துத் துறைமுகத்தைப் பார்க்க அவன் போவான். அங்கே நெல் அறுத்துக்கொண்டிருப்பார்கள்.”

முன்பு எழுதிய பௌர்ணமி அத்தியாயத்தைவிட அந்த அத்தியாயத்தை எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.