தாதியின் அவசரம்

தியானப் பகுதி: 2 சாமுவேல் 4:4, ரூத் 2-ஆம் அதிகாரம்



சவுலும் யோனத்தானும் கில்போவா மலையில் மடிந்த செய்தி வந்தபோது, யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு ஐந்து வயது. அவனை வளர்த்த தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடிய அவசரத்தில் பிள்ளை விழுந்தான். இரண்டு கால்களும் முடமாயின. அந்தத் தாதியின் பெயரை வேதம் சொல்லவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு அவள் தன்னுயிரை மட்டும் காத்துக்கொண்டிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. அவளிடம் அன்பு நிறைய இருந்தது. ஆயத்தமாவதற்குத்தான் நேரம் இருக்கவில்லை. பெலிஸ்தரின் பட்டயம் தொடாத பிள்ளையை அந்த அவசரம் முடமாக்கிற்று.

இந்த வாரம் அந்தத் தாதியைப் போன்றவர்களைக் குறித்துச் சிந்திப்போம். அந்நிய தேசத்தில், பிறர் வீட்டில் தங்கி, தானாக எழுந்து நடக்க இயலாத முதியோரைக் காப்பவர்கள் அவர்கள். அந்தத் தேசத்தில் யுத்தம் மூண்டால் அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? இஸ்ரேலின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தெளிவான பாடங்களைத் தருகிறது.

இஸ்ரேலில் 1988 முதல் முதியோர் நீண்டகாலப் பராமரிப்புக்கான காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. முதியோரைக் காப்பகத்துக்கு அனுப்பாமல் அவரவர் வீட்டிலேயே பேணுவது அதன் நோக்கம். இரவும் பகலும் உடன் தங்கிப் பணிபுரிய உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிதாக இருந்ததால், பிலிப்பைன்ஸ், நேபாளம், இலங்கை, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து பராமரிப்பாளர்கள் சென்றார்கள். 2023-இல் யுத்தம் தொடங்கியபோது அங்கிருந்த சுமார் 18,000 இந்தியரில் பெரும்பாலோர் இவர்களே. அவர்களில் பலர் நம் அண்டை மாநிலமான கேரளத்தின் பிள்ளைகள்.

1991-ஆம் ஆண்டு ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கியபோது, ஈராக் ஏறத்தாழ 40 ஸ்கட் ஏவுகணைகளை இஸ்ரேல்மேல் ஏவியது. நச்சுவாயு வரும் என்று அஞ்சிய மக்கள், ஓர் அறையின் ஜன்னல்களைப் பிளாஸ்டிக் தாளாலும் ஒட்டுநாடாவாலும் அடைத்து, முகமூடி அணிந்து உள்ளே அமர்ந்தார்கள். நச்சுவாயு வரவில்லை. ஏவுகணைகள் நேரடியாகக் கொன்றவர்கள் மிகச் சிலரே. முகமூடியைத் தவறாக அணிந்து மூச்சுத்திணறியும், அச்சத்தில் இருதயம் நின்றும் மாண்டவர்கள் அவர்களைவிட அதிகம். மேவிபோசேத்தின் தாதிக்கு நேர்ந்தது அங்கே மீண்டும் நேர்ந்தது.

அந்த அனுபவத்துக்குப் பின், 1990-களின் தொடக்கத்திலிருந்து, புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் உள்ள ஒரு பாதுகாப்பு அறை கட்டாயமாயிற்று. எபிரெய மொழியில் அதை ‘மமாத்’ என்பார்கள். சங்கொலி கேட்டபின் அந்த அறைக்குள் செல்லக் கிடைக்கும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். காசா எல்லையோரத்தில் 15 விநாடி, அஷ்கெலோனில் 30 விநாடி, டெல் அவிவில் 90 விநாடி. இளைஞனுக்கு 30 விநாடி போதும். படுக்கையில் இருக்கும் எண்பது வயதுத் தாயாரைச் சக்கர நாற்காலியில் அமர்த்துவதற்கே அது போதாது.

பழைய வீடுகளில் இந்த அறை இல்லை. 2021 மே 11 அன்று அஷ்கெலோனில் அப்படியொரு வீட்டின்மேல் ராக்கெட் விழுந்தது. இடுக்கி மாவட்டத்திலிருந்து சென்று அங்கே பணிபுரிந்த இளந்தாய் ஒருவர் மாண்டார். அவர் பராமரித்த மூதாட்டி காயங்களுடன் பிழைத்தார். பொதுப் புகலிடம் வீட்டுக்கு வெளியே இருந்தது. ஆனால் ஓட இயலாத ஒருவர் உடனிருக்கும்போது அந்தத் தூரம் மிக நீண்டது.

2023 அக்டோபர் 7 அன்று வேறொரு சோதனை வந்தது. பாதுகாப்பு அறை ஏவுகணைக்காகக் கட்டப்பட்டது. இடிபாட்டில் சிக்கியவர்களை மீட்போர் வெளியிலிருந்து திறக்கவேண்டும் என்பதால், அதன் கதவை அப்போது உள்ளிருந்து பூட்ட வழியிருக்கவில்லை. நிர் ஓஸ் என்ற ஊரில் ஆயுதம் ஏந்தியவர்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது, கேரளத்தைச் சேர்ந்த இரு பராமரிப்பாளர்கள் கதவின் கைப்பிடியை உள்ளிருந்து இறுகப் பிடித்துக்கொண்டார்கள். தரையில் கால் வழுக்காதிருக்கச் செருப்புகளைக் கழற்றி எறிந்தார்கள். கதவின்மேல் குண்டுகள் பாய்ந்தன. மணிக்கணக்கில் அவர்கள் பிடியைத் தளர்த்தவில்லை. அந்த வீட்டு முதியோரும் பிழைத்தார்கள், அவர்களும் பிழைத்தார்கள். அவர்களுடைய உடைமைகள் கொள்ளை போயின. ஒருவரின் பாஸ்போர்ட்டும் போயிற்று. அதே நாளில் க்ஃபார் அசா என்ற ஊரில், பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருவர் தாம் பராமரித்த மூதாட்டியை விட்டு ஓட மறுத்து, அவரோடு சேர்ந்து கொல்லப்பட்டார். எல்லைக்கு அப்பால் காசாவில், சங்கொலியும் இல்லாமல் பாதுகாப்பு அறையும் இல்லாமல், வயது முதிர்ந்த பெற்றோரைத் தோளில் சுமந்து இடம்பெயர்ந்த பிள்ளைகளையும் கர்த்தர் கண்டார். நம் ஜெபத்தில் அவர்களை விட்டுவிடக் கூடாது.

இத்தகைய தியாகத்தை நாம் கனம்பண்ணுகிறோம். ஆனாலும் பிரியமானவர்களே, பராமரிப்பாளரின் உயிர் செலவழித்துவிடத்தக்க உயிர் என்று எண்ணத் தொடங்கினால் நாம் தவறிப்போவோம். பிறனை நேசிக்கச் சொன்ன ஆண்டவர், தன்னை நேசிப்பதையே அதற்கு அளவுகோலாக வைத்தார். தன்னைக் காத்துக்கொள்ளும் தாதியே பிள்ளையையும் காக்கிறாள்.

அப்படியானால் அவளுடைய பாதுகாப்பு யார் பொறுப்பு? ரூத்தைப் பாருங்கள். அவள் மோவாபிய அந்நிய ஸ்திரீ. முதிர்வயதான மாமியாரைக் காப்பாற்ற வயலுக்குப் போனவள். போவாஸ் அவளை வாழ்த்தியதோடு நிற்கவில்லை. வேறு வயலுக்குப் போகவேண்டாம் என்றான், அவளைத் தொடக் கூடாது என்று வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான், தாகத்துக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்றும் சொன்னான். நகோமியும் அந்த ஏற்பாட்டின் நன்மையை உணர்ந்து மருமகளுக்கு எடுத்துச் சொன்னாள். அந்நிய வேலைக்காரியின் பாதுகாப்பு நிலத்துக்கு உரியவனின் கடமை என்று வேதம் காட்டுகிறது. 2006-இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுத் தொழிலாளரை ஒரே முதலாளியோடு கட்டிவைக்கும் விதி மனித கண்ணியத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்ததும் இந்த நியாயத்தையொட்டியே. அபாயமான வீட்டை விட்டு விலக முடியாதவள் பாதுகாப்பாய் இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. முகவருக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடனும் அப்படிப்பட்ட கட்டுத்தான். 2023 அக்டோபர் 12 அன்று இந்திய அரசு விமானங்களை அனுப்பத் தொடங்கியபோதும் அநேகர் திரும்பவில்லை. முதியோரை விட்டுவர மனமில்லாதது சிலருக்கு, தீராத கடன் சிலருக்கு.

நம் சபையிலும் இத்தகைய வேலைக்குப் பிள்ளைகளை அனுப்ப எண்ணுகிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குச் சில வார்த்தைகள். மத்திய அரசிடம் பதிவுபெற்ற முகவர்தானா என்று முதலில் விசாரியுங்கள். பணிபுரியப்போகும் வீட்டில் பாதுகாப்பு அறை உண்டா, இல்லையென்றால் புகலிடம் எத்தனை அடி தூரம் என்று கேளுங்கள். சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே கேளுங்கள். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: நடக்க இயலாதவரின் கட்டிலைப் பாதுகாப்பு அறைக்குள்ளேயே போடும்படி வீட்டாரிடம் பேசட்டும். மருந்து, தண்ணீர், மூக்குக் கண்ணாடி, டார்ச் விளக்கு ஆகியவற்றை அங்கேயே வைக்கட்டும். அமைதியான நாளில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, முதியவரோடு அந்த அறைக்குச் சென்று பழகட்டும். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று நம் வீட்டிலும் இருக்கட்டும். இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யட்டும். கடனுக்காக அவர்களை நெருக்காதிருங்கள். ‘திரும்பி வந்தாலும் உனக்கு இடம் உண்டு’ என்ற வார்த்தையை அவர்கள் உங்கள் வாயிலிருந்து கேட்கட்டும்.

ஆயத்தமாவது அவிசுவாசம் என்று யாரும் எண்ணவேண்டாம். நெகேமியாவின் நாளில் சத்துருக்கள் சூழ்ந்தபோது ஜனங்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் ஜாமக்காரரையும் நிறுத்தினார்கள். இரண்டையும் ஒரே வசனம் சொல்லுகிறது.

ஜெபிப்போம்: பரம பிதாவே, தூரதேசத்தில் பிறருடைய தாய் தகப்பன்மாரைக் காக்கும் எங்கள் பிள்ளைகளை உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். சங்கொலி கேட்கும் இரவுகளில் பதறாத மனதையும் இடறாத கால்களையும் அவர்களுக்குத் தாரும். அவர்கள் தங்கியிருக்கும் வீடுகளில் போவாஸின் இருதயத்தை உண்டாக்கும். எல்லையின் இருபுறத்திலும் யுத்தங்களை ஓயப்பண்ணும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.