வாடகைச் சட்டமும் நம் கடைகளும்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் பழைய கடைவீடுகளில் வாடகை ஒரு காலத்தில் சட்டத்தால் கட்டிப்போடப்பட்டிருந்தது. இது நம் இளைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. நம் சமூகத்தின் வியாபார வரலாற்றை எழுதுவோர் கப்பல் பயணத்தையும் கடின உழைப்பையும் எழுதுகிறார்கள். குறைந்த வாடகையை மறந்துவிடுகிறார்கள்.

போருக்குப் பின் மலாயாவில் கட்டடப் பற்றாக்குறை இருந்தது. வாடகை எகிறாமல் இருக்க அரசு கட்டுப்பாடு விதித்தது. பின்னர் வந்த 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-ஆம் தேதிக்குள் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்குப் பொருந்தியது. உரிமையாளர் நினைத்தபடி வாடகையை உயர்த்த முடியாது. குடியிருப்பவரை வெளியேற்றவும் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும்.

இந்த நிழலில்தான் நம் மூத்தவர்கள் பலர் தொழில் செய்தார்கள். கீழே கடை, மேலே ஊரிலிருந்து வந்த ஆட்களுக்குத் தங்குமிடம். கடை கைமாறும்போது 'டீ மணி' என்று ஒரு பெருந்தொகையும் கைமாறும். அதற்கு ரசீது கிடையாது. கொடுத்தவர் கடையையே வாங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டார். உண்மையில் அவரிடம் இருந்தது மாத வாடகைச் சீட்டு மட்டுமே.

உரிமையாளர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம்மவர்களிலும் கட்டடம் வைத்திருந்தவர்கள் உண்டு. வருகிற வாடகை மதிப்பீட்டு வரிக்கும் கூரைப் பழுதுக்கும் போதவில்லை. கூரை ஒழுகினால் "உங்கள் கட்டடம்" என்பார் குடியிருப்பவர். "உங்கள் கடை" என்பார் உரிமையாளர். மழை யார் பேச்சையும் கேட்கவில்லை. ஒழுகிய இடத்தில் வாளி வைத்தே பல கடைகள் காலம் தள்ளின.

1997 செப்டம்பர் 1-ஆம் தேதி நீக்கச் சட்டம் நடப்புக்கு வந்தது. 1999 டிசம்பர் 31 வரை 28 மாத அவகாசம். ஏற்பாடு செய்துகொள்ள அது போதும் என்றே தோன்றும். ஆனால் அதே 1997-இல்தான் ஆசிய நிதி நெருக்கடியில் ரிங்கிட் சரிந்தது. வியாபாரம் படுத்திருந்த நேரத்தில் கடையை விலைக்கு வாங்கக் கடனுக்கு எங்கே போவது? கட்டுப்பாட்டுக் கட்டடங்கள் மிகுந்திருந்த பினாங்கு ஜார்ஜ்டவுனில் அடி பலமாக விழுந்தது. கிள்ளானும் கோலாலம்பூரும் தப்பவில்லை.

எங்கள் அத்தாவிடம் உரிமையாளர் 1998-இல் கட்டடத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். "இவ்வளவு காலமாக இருக்கிறோம், எழுப்பிவிடவா போகிறார்?" என்று அத்தா விட்டுவிட்டார். 2000 ஜனவரியில் வாடகை பல மடங்கானது. ஓராண்டு தாக்குப்பிடித்தோம். பிறகு பின்சாலையில் சின்னக் கடை. பலகைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிய அன்று சிறுவர்களாக இருந்த எங்களுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. உரிமையாளரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் முதலில் எங்களிடம்தான் கேட்டார்.

தாயகத்திலும் இப்படித்தான். தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இப்போது அங்கும் கட்டாயம்.

இங்கே இன்று எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத் தேசிய நிலச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அதனால் பெரும்பாலோர் மூன்றாண்டைத் தாண்டுவதில்லை. வாடகை பாக்கி என்றாலும் நீதிமன்ற ஆணை இல்லாமல் உரிமையாளர் ஆளை வெளியேற்றக் கூடாது. பூட்டை மாற்றிவிட்டு அப்புறம் வக்கீலைத் தேடும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டு வாடகைக்குத் தனிச் சட்டம் வரும் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக இருக்கிறது.

சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விட்டோம். வந்தவர் மூன்றாண்டு கேட்டார். நாங்கள் ஓராண்டு என்றோம். அத்தா எங்களை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாண்டுக்குப் பேசி முடித்தோம். குளியலறை ஒழுகினால் யார் பொறுப்பு என்பதையும் அவர் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தோம்.