திங்கள் ஒன்றில் அமைந்த தேர்க்கால்

புறநானூற்றின் 87ஆம் பாட்டு அளவிற் சிறியது. தும்பைத் திணையில் தானைமறம் என்னும் துறை பற்றியது. அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலை அவன் பகைவர்க்கு உணர்த்தக் கருதிய ஔவையார், களம் புகாதிருக்குமாறு அவர்களை எச்சரித்துப் பின் தம் தலைவனுக்கு ஓர் உவமை கூறுகின்றார். நாள் ஒன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்த தேர்க்கால் ஒன்றனைப் போன்றவன் அவன் என்பது அவ்வுவமையின் பொருள்.

முப்பது நாளில் 240 தேர்களை முடிக்கவல்ல கை, அக்காலம் முழுவதையும் ஒரே காலின்மேற் செலவிட்டது என்பது உயர்வு நவிற்சியே ஆகலாம். எனினும், உயர்வு நவிற்சியும் ஓர் உண்மையின் மேல் நின்றே சுவை தரும். தேரின் கொடிஞ்சியையோ பீடத்தையோ கூறாது காலினையே புலவர் தேர்ந்தெடுத்தது ஏன்? அக்காலில் தச்சன் ஒரு திங்கள் தேடியது யாது? இவ்விரண்டு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு காரணம் உண்டு. இத்தகைய இடங்களைக் கண்ட அளவில், இக்கால இயந்திர நூற் கருத்துக்களை முன்னோர்மேல் ஏற்றி, ‘விரைவூர்தியின் சக்கரத்தைச் சமன் செய்யும் முறையை அன்றே அறிந்திருந்தனர்’ என்று மகிழும் போக்கு நம்மிடையே காணப்படுகின்றது. அது நூலுக்கும் நன்மை செய்வதன்று. அறிவியலுக்கும் நன்மை செய்வதன்று. நூல் கூறுவது எது, நாம் விரும்புவது எது எனப் பிரித்துக் காண்டலே ஆராய்ச்சியின் கடமையாகும்.

காலின் உறுப்புக்கள்

சங்க நூல்களில் தேர்க்காலின் உறுப்புக்கள் தனித்தனிப் பெயர் பெற்றுள்ளன. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பரிசிலாக அளிக்கும் ஊர்தி, குதிரையின் விரைவையும் தோற்கச் செய்யும் எருது பூண்டது. அதன் சக்கரத்தைக் கூறுமிடத்து, உளி பட்ட வடு ஆழ்ந்த குறடும், அதனைச் சூழ்ந்த ஆரங்களும், புறத்தே இரும்பின் கூர்மையுடைய நேமியும் முறையே வருகின்றன. பெரும்பாணாற்றுப்படை உமணரின் உப்புவண்டியைக் கூறுகின்றது. ஆண்டுக் குடம் முழவு போன்ற முழுமரத்தால் ஆயது. ஆரங்கள் திருந்திய நிலையின. அவை பருத்த சூட்டினுள் அழுந்தச் செறிந்தவை.

இவற்றுள் ஆரங்களின் ‘திருந்திய நிலை’ கூர்ந்து நோக்கத்தக்கது. ஆரங்கள் வலியன என்றோ அழகியன என்றோ கூறாது, அவை நிற்கும் நிலையே சிறப்பிக்கப்படுகின்றது. ஓர் ஆரம் மற்றொன்றினும் சிறிது நீளுமாயின் சூட்டு வட்டமாக அமையாது. சாய்ந்து நிற்குமாயின் கால் தள்ளாடும். வட்டத்தின் நடுவினின்று விளிம்பு வரையுள்ள தொலைவினை இன்றைய கணித நூலார் ‘ஆரம்’ என்றே வழங்குகின்றனர். எல்லா ஆரங்களும் ஒத்திருத்தலே வட்டத்தின் இலக்கணம். தச்சன் தொழிற்சொல் கணக்கின் கலைச்சொல்லாய் நிற்றல் பொருத்தமுடையதே.

அச்சினைப் பற்றிய கவலையையும் நம் நூல்கள் மறவாது கூறும். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய புறம் 102, மேடும் பள்ளமும் யார் அறிவார் என எண்ணி உமணர் வண்டியின் கீழே கட்டிச் செல்லும் சேம அச்சினை அவனுக்கு உவமையாக்குகின்றது. ஆகத் தந்தைக்குத் தேர்க்காலும் மகனுக்குச் சேம அச்சும் உவமையாயின. இரண்டனையும் பாடியவர் ஔவையாரே.

கணக்குக் காட்டும் உண்மை

இனி, சமன் செய்தல் என இக்காலத்தார் கூறுவது யாது எனக் காண்போம். சுழலும் சக்கரத்தின் ஒருபுறத்து எடை மிகுந்திருப்பின், அம்மிகை சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும். அவ்விழுப்பு, சுழற்சி விரைவின் இருமடிக்கு ஏற்ப வளரும். விரைவு இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் செல்லும் மோட்டார் வண்டியின் சக்கரம் 30 செ.மீ. ஆரமுடையது எனக் கொள்வோம். அது நொடிக்கு ஏறத்தாழ 15 முறை சுழலும். நடுவினின்று 20 செ.மீ. தொலைவில் 10 கிராம் மிகையிருப்பின், அதன் இழுப்பு ஏறத்தாழ 1¾ கிலோ எடைக்கு நிகராகும். இதனாலேயே சிறு ஈயத்துண்டும் துத்தநாகத்துண்டும் விளிம்பிற் பொருத்திச் சமன் செய்கின்றனர். எடை ஒரு தளத்தில் ஒத்திருப்பினும், அகன்ற சக்கரத்தின் உட்புறமும் வெளிப்புறமும் ஒவ்வாவிடின் சுழலும்போது அது தள்ளாடும். ஆதலின் இரு தளங்களிலும் சமன் காணல் வேண்டும். சுழல்பொருளைச் சமன் செய்யும் கருவிக்குக் கனடாவில் 1870இல் மார்ட்டின்சன் என்பார் உரிமம் பெற்றார். லாவாசெக் என்பாரின் கருத்தினைக் கொண்டு, செருமனியில் 1908இல் கார்ல் செங்க் அத்தகைய கருவியொன்றை அமைத்தார். அதியுயர் விரைவு பிறந்த பின்னரே இக்கலை பிறந்தது என்பது இதனால் விளங்கும்.

தேருக்கு வருவோம். அதன் கால் 50 செ.மீ. ஆரமும் மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவும் உடையது எனக் கொள்ளின், விளிம்பில் உள்ள 10 கிராம் மிகையின் இழுப்பு 63 கிராம் எடையளவே. தேரூர்வோன் அதனை உணரவும் மாட்டான். ஆனால், குடத்தின் துளை நடுவினின்று ஒரு செ.மீ. விலகியிருப்பின், ஒவ்வொரு சுழற்சியிலும் அச்சு 2 செ.மீ. ஏறி இறங்கும், அதுவும் நொடிக்கு இருமுறையளவு. வில்லேந்தி நிற்கும் வீரன் குறி தவறுவான், ஆரங்களின் பொருத்துவாய் நெகிழும், அச்சு முறியும்.

எனவே தச்சன் ஒரு திங்கள் தேடியது எடையின் சமன் அன்று. வடிவின் ஒப்பும் பொருத்தின் செறிவும் ஆகும் எனத் துணியலாம். எட்டுத் தேர் செய்யும் விரைவு கையின் திறம். ஒரு காலில் ஒரு திங்கள் நிற்றல் கருத்தின் திறம். பாட்டில் ‘வலித்த’ என்னும் சொல் வந்ததும் இக்கருத்திற்கு அரண் செய்கின்றது; வலித்தலுக்குக் கருதுதல், துணிதல் என்னும் பொருள்கள் உண்டன்றோ!

அண்மைக் காலச் சான்று

வடிவின் ஒப்பு பழங்காலத்து மரக்காலுக்கு மட்டுமே உரிய கவலை எனக் கருதற்க. செருமனியின் விரைவுத் தொடர்வண்டிகளில் முதற்கண் ஒரே வார்ப்பான எஃகுச் சக்கரங்கள் இருந்தன. அவை தேய்ந்து வட்டம் பிறழ்ந்தபோது பெட்டிகள் அதிர்ந்தன. அவ்வதிர்வை அடக்கக் கருதி, உட்சக்கரத்திற்கும் புறவளையத்திற்கும் இடையே இரப்பர் வைத்த சக்கரங்களைப் பூட்டினர். 1998ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள், எசெடே என்னும் ஊரின் அருகே, மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் விரைவிற் சென்ற வண்டியொன்றின் புறவளையம் உலோகக் களைப்பால் உடைந்தது. தடம் புரண்ட பெட்டிகள் மோதியதனால் மேம்பாலம் இடிந்து வீழ்ந்தது. 101 பேர் உயிரிழந்தனர். பின்னர் அவ்வண்டிகளுக்கு ஒரே வார்ப்பான சக்கரங்களே மீண்டும் பூட்டப்பட்டன. அதிர்வு என்னும் ஒரு குறையை நீக்கப் புகுந்தோர், சூட்டு என்னும் உறுப்பின் உறுதியைப் போதிய அளவு ஆய்ந்திலர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு கருத்துக்கள் பெறப்படும். சக்கரத்தை எடையாற் சமன் செய்யும் இக்காலக் கலைக்குப் புறநானூற்றிற் சான்று இல்லை. இருப்பதாகக் கூறல் பொருந்தாது. ஆனால், விரைந்து செல்லும் ஊர்தியின் பாதுகாப்பு ஒரு காலின் செம்மையில் அடங்கியுள்ளது என்பதனையும், அச்செம்மை விரைவால் வாராது பொறுமையால் வருவது என்பதனையும் அப்பாட்டு ஐயமின்றி உணர்த்துகின்றது. இல்லாத பெருமையை ஏற்றிக் கூறாவிடினும் ஔவையாரின் உவமைக்குக் குறைவு நேராது. முப்பது நாளும் தன் கைவிரைவை அடக்கி ஒரு காலின் முன் அமர்ந்திருந்த அத்தச்சனே, நாம் போற்றுதற்கு உரியவன்.