திருவள்ளூர் பக்கத்து ஸ்டுடியோ வெளிச்சம்

உருவப்பட ஸ்டுடியோவில் விலை அதிகமான பொருள் கேமரா என்றுதான் பலரும் நினைப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது கூரை. மின்விளக்கு வருவதற்கு முன் மாடியறையின் வடக்குப் பக்கத்தில் சாய்வாகக் கண்ணாடி பதித்து, அதன் அடியில் மெல்லிய மஸ்லின் திரைகளைக் கட்டி, வெளிச்சம் எவ்வளவு வேண்டுமோ அதற்கேற்ப இழுத்தும் ஒதுக்கியும் வேலை பார்த்தார்கள். வடக்குக் கண்ணாடியில் நேர்வெயில் விழாது என்பது ஐரோப்பாவில் போட்ட கணக்கு. 13 பாகை அட்சரேகையில் இருக்கும் சென்னைக்கு அது முழுதாகப் பொருந்தாது. சித்திரை முற்பாதியிலிருந்து ஆடி முடியும்வரை நடுப்பகல் சூரியன் இங்கே தலைக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் திரை இல்லாமல் ஒரு படமும் எடுத்திருக்க முடியாது.

1851இல் வந்த கொலோடியன் தகடு நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தது. அதனால் மாநிறமும் கருநிறமும் உள்ள முகங்கள் இருக்கிற நிறத்தைவிடக் கறுத்துப் பதிந்தன. தகட்டில் படம் விழச் சில நொடிகள் ஆகும். தலை ஆடாமலிருக்க, பின்கழுத்தில் ஓர் இரும்புக் கவ்வியைப் பொருத்தினார்கள். பழைய படங்களில் எல்லோரும் விறைத்து நிற்பதற்கு மரியாதை ஒரு காரணம் என்றால், கவ்வி இன்னொரு காரணம்.

இப்படிக் கண்ணாடிக் கூரை போட முதலீடு வேண்டும். அதை மீட்டுத்தர வாடிக்கையாளர்களும் வேண்டும். நிக்கோலஸ் கம்பெனி, வீலே அண்டு கிளைன் போன்ற பெரிய ஸ்டுடியோக்கள் சென்னையில் இருந்ததற்கு அதுவே காரணம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856இல் ஓடத் தொடங்கிய ரயிலின் வழியில்தான் திருவள்ளூரும் இருந்தது. வசதியுள்ளவர்கள் வண்டியேறிப் போய்ப் படம் எடுத்துக்கொள்ள முடிந்தது. மற்றவர்களுக்குத் திருவிழாக்களில் கடை விரித்த போட்டோக்காரர்தான் கதி. அவருடைய விளக்குச் சாமான் என்று சொன்னால் ஒரு துணித்திரையும் ஒரு சுவரின் நிழலும்தான். செலவென்று ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் அதைவிட மலிவாக நல்ல வெளிச்சம் கிடைக்காது.

1887இல் ஜெர்மனியில் உருவான மக்னீசிய வெடிப்பொடி, இருட்டிலும் படம் எடுக்க வழி செய்தது. ஆனால் அறை முழுக்கப் புகை, எடுப்பவர் கைக்கு ஆபத்து. கூட்டப் படங்களுக்குப் பயன்பட்டதே தவிர உருவப்படத்துக்கு அது ஏற்றதாக இல்லை.

உண்மையான மாற்றம் மின்சாரத்தோடு வந்தது. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்த பிறகு, மஞ்சள் வெளிச்சம் தரும் இழை விளக்கும் படத்துக்கு உதவியது. 1930களில் போட்டோஃபிளட் பல்பு பரவியது. இழையை அளவுக்கு மீறி எரியவிட்டு வெளிச்சத்தைக் கூட்டிய பல்பு அது. ஆயுள் சில மணி நேரம் மட்டுமே. 500 வாட் பல்பு இரண்டைப் போட்டால் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு இணைப்பில் வழக்கமான 5 ஆம்பியர் லைன் மூன்றாவது பல்பைத் தாங்காது. சிற்றூர் ஸ்டுடியோக்களுக்கு இரண்டு விளக்கு அமைப்பு பொருந்தி வந்ததில் அழகியலுக்கு இருக்கும் பங்கு இந்த ஃபியூஸ் கம்பிக்கும் இருக்க வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் பிரதான விளக்கு, மறுபக்கம் நிழலைத் தணிக்க இன்னொன்று. மிச்சக் குறையை நெகடிவின் மேல் கூர்மையான பென்சிலால் ரீடச் செய்து மறைத்தார்கள்.

திருவள்ளூர் வட்டாரத்துக்குத் தொழிற்சாலைகள் வந்தபோது படத்தின் தேவையே மாறியது. 1971இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான சிப்காட் கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகம் அமைத்தது. திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை வந்தது. வேலை விண்ணப்பம், கம்பெனி அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என்று எதற்கெடுத்தாலும் பாஸ்போர்ட் சைஸ் படம். அந்தப் படத்தில் நிழல் அழகு வேண்டாம். இரண்டு காதும் தெரிந்தால் போதும். விளக்குகள் இரண்டும் முகத்துக்குச் சம தூரத்தில், தலா 45 பாகை கோணத்தில் நின்றுகொண்டன. முகத்தைத் தட்டையாக்கும் வெளிச்சம்தான். ஆனால் ஷிஃப்ட் முடிந்து அவசரமாக வருபவரை உட்கார வைத்து, விளக்கை நகர்த்தாமல் அடுத்தடுத்து எடுத்துத் தள்ள இதைவிட வசதியான முறை இல்லை.

சூடான பல்புகளை ஓரங்கட்டியது கலர் ஃபிலிம். அது பகல் வெளிச்சத்துக்கு, அதாவது சுமார் 5500 கெல்வினுக்கு, ஏற்பத் தயாரானது. 3400 கெல்வின் போட்டோஃபிளட்டில் எடுத்தால் முகம் மஞ்சள் காமாலை கண்டதுபோல் வரும். கலர் லேப்கள் பெருகப் பெருக, எலக்ட்ரானிக் ஃபிளாஷும் அதன் வெளிச்சத்தைச் சிதறவிடும் குடையும் சிறு ஸ்டுடியோக்களுக்குள் நுழைந்தன. 1931 வாக்கில் அமெரிக்காவில் ஹரால்டு எட்ஜர்ட்டன் உருவாக்கிய நுட்பம் இங்கே கடைத்தெருவுக்கு வர அரை நூற்றாண்டு பிடித்தது. பின்னால் டிஜிட்டல் கேமரா, ஒயிட் பேலன்ஸ் என்ற ஒரே அமைப்பில் அந்த நிறச் சிக்கலைத் தீர்த்துவிட்டது.

அடையாளப் பட வருமானத்தை அரசே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த 1993இல் அறிவிக்கப்பட்ட வாக்காளர் அட்டைக்கு முகாம்களில் படம் பிடித்தார்கள். 2010இல் தொடங்கிய ஆதாருக்குப் பதிவு மையத்திலேயே எடுத்தார்கள். ஸ்டுடியோவுக்கு மிஞ்சியது குழந்தைப் படம், மஞ்சள் நீராட்டு, திருமணம். இவற்றுக்குத் தட்டை வெளிச்சம் எடுபடாது.

இன்று புதிதாகத் தொழில் தொடங்குபவர் வாங்கும் மலிவான தொகுப்பில் பெரும்பாலும் இரண்டு விளக்கு, இரண்டு ஸ்டாண்டு, இரண்டு குடை அல்லது சாஃப்ட்பாக்ஸ் இருக்கும். 1993இல் ஷென்ஜெனில் தொடங்கிய கோடாக்ஸ் போன்ற சீன நிறுவனங்கள் விலையை இறக்கியிருக்கின்றன. ஆனால் இரண்டு சம விளக்கு என்பது அடையாள அட்டைப் படத்துக்கு ஏற்ற அமைப்பு. அதே பணத்தில் ஒரு நல்ல ஃபிளாஷ், பெரிய சாஃப்ட்பாக்ஸ், மறுபக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை என்று வாங்கினால் முகத்துக்கு உருவம் கிடைக்கும்.

ஃபிளாஷா, எல்இடியா என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். 60 வாட் எல்இடி, 1/125 நொடியில் அரை ஜூல் சக்தியைத்தான் செலவிடும். சாதாரண ஸ்டுடியோ ஃபிளாஷ் ஒரே மின்னலில் 200 ஜூலைக் கொட்டிவிடும். எல்இடியின் கூடுதல் செயல்திறனைக் கணக்கில் சேர்த்தாலும் வித்தியாசம் நூறு மடங்குக்குக் குறையாது. ஓரிடத்தில் நிற்காத குழந்தையைப் படமெடுக்க ஃபிளாஷ்தான் சரிப்படும். வீடியோவும் சேர்த்து எடுப்பவருக்கு எல்இடி தவிர வழியில்லை. அதில் வாட்டைப் பார்ப்பதோடு நிறக் காட்டல் எண் (CRI) 95க்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்க வேண்டும். சிவப்பைச் சரியாகக் காட்டாத மலிவு விளக்கில் மாநிற முகம் சாம்பல் பூத்துத் தெரியும்.