வாக்குமூலமும் சாட்சியும்: ஒரு கடத்தல் வழக்கு கற்பிக்கும் பாடம்

1963 மார்ச் மாதம், அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில், இளம்பெண் ஒருவரைக் கடத்தி வன்கொடுமை செய்ததாக எர்னெஸ்டோ மிராண்டா கைது செய்யப்பட்டார். இரண்டு மணி நேர விசாரணையின் முடிவில், அவர் எழுதிக் கையொப்பமிட்ட வாக்குமூலம் காவலர்களின் கைக்கு வந்தது. வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டென எவரும் அவருக்கு அறிவிக்கவில்லை. ஆயினும், தம் சட்ட உரிமைகளை முழுதும் அறிந்தே அவர் எழுதுவதாக அத்தாளின் மேற்பகுதியில் முன்னரே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

அந்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாகாது என்ற ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது. 20 முதல் 30 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அரிசோனா உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. மேல்முறையீட்டில், 1966 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை ரத்து செய்தது. உரிமைகளை அறிவிக்காமல் காவலில் பெற்ற வாக்குமூலம் செல்லாது என்று தலைமை நீதிபதி எர்ல் வாரன் எழுதினார்.

அவ்வாறாயின், துன்புற்ற பெண்ணுக்கு நீதி எங்கே என்று நாம் கேட்பது இயல்பே. வழக்கு அத்துடன் முடியவில்லை. 1967இல் அந்த வாக்குமூலம் இன்றியே மறுவிசாரணை நடைபெற்றது. மிராண்டாவுடன் முன்னர் வாழ்ந்த பெண், அவர் தம்மிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சாட்சியம் அளித்தார். மிராண்டா மீண்டும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, அதே தண்டனையைப் பெற்றார்.

1971இல், ஹாரிஸ் என்பவரின் போதைப்பொருள் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் இவ்விதிக்கு ஓர் எல்லை வகுத்தது. இவ்வாறு விலக்கப்பட்ட வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த இயலாது. ஆனால், குற்றஞ்சாட்டப்பட்டவரே கூண்டேறி அதற்கு முரணாகப் பேசினால், அவருடைய சொல்லின் நம்பகத்தன்மையைச் சோதிக்க அதனைப் பயன்படுத்தலாம். உரிமை என்பது பொய்யுரைப்பதற்கான அனுமதிச் சீட்டு அன்று என்பதே அதன் சாரம்.

இக்கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல. வற்புறுத்திப் பெறும் ஒப்புதல் செல்லாது என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் பெரும்பான்மைக் கருத்து. சாட்சியின் நேர்மையை விசாரித்தறிவது காழியின் கடமை எனவும், பகைமை கொண்டவரின் சாட்சியம் ஐயத்திற்குரியது எனவும் அவர்கள் எழுதி வைத்தனர்.

குற்றவாளி தண்டனை பெறுவது நீதியின் ஒரு பாதி. அவரைத் தண்டிக்க நாம் செல்லும் வழி தூய்மையாக இருப்பது மறுபாதி. ஒருவரைப் பற்றிய செய்தி நம் வீட்டு வாசலை எட்டும்போதும், சொன்னவர் யார், அவருக்குப் பகை உண்டா, அச்சொல் எவ்வாறு பெறப்பட்டது என்று கேட்ட பின்னரே நாம் தீர்ப்பிட வேண்டும்.