கீழ்வாய் இலக்கமும் திண்ணைப் பள்ளியும்

சென்ற ஆண்டில் ஒரு மாலைப்பொழுது. அலுவலகத்தினின்று இல்லம் திரும்பியபோது, ஐந்தாம் வகுப்பில் பயிலும் எம் மகள் கணக்கு ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்கலங்கி அமர்ந்திருந்தாள். அரையையும் காலையும் கூட்டுக என்பது கணக்கு. கோட்டின் மேலிருந்த ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு என்றும், கீழிருந்த இரண்டையும் நான்கையும் கூட்டி ஆறு என்றும் கொண்டு, ஆறில் இரண்டு என விடை எழுதியிருந்தாள். அதன் குறுக்கே சிவப்பு மைக் கோடு. “கூட்டச் சொன்னார்கள், கூட்டினேன், இதில் என்ன தப்பு அப்பா?” என்றாள்.

ஆறில் இரண்டு என்பது மூன்றில் ஒன்று. அஃது அரையினும் சிறியது. அரையோடு கால் சேர்ந்தபின் அரையினும் குறைந்து போகுமோ என்று வினவினோம், அவள் விழித்தாள். ஏட்டை மூடிவிட்டு, “அரைக் கிலோ வெண்டைக்காயும் கால் கிலோ வெண்டைக்காயும் பையில் போட்டால் மொத்தம் எவ்வளவம்மா?” என்று கேட்டோம். “முக்கால் கிலோ” என்றாள், இமைப்பொழுதில். வாய் அறிந்த விடையைக் கை அறியவில்லை. இவ்விடைவெளி எவ்வாறு நேர்ந்தது என்ற எண்ணமே இக்கட்டுரைக்கு வித்து.

பெயரே கணக்கு

நம் முன்னோர் எண்களை இரு வகையாகப் பகுத்தனர். ஒன்றும் அதற்கு மேற்பட்டனவும் மேல்வாய் இலக்கம். ஒன்றினும் குறைந்தன கீழ்வாய் இலக்கம். கீழ்வாய் எண்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனிக்குறியும் இருந்தன. முக்கால், அரை, கால் ஆகிய மூன்றையும் நாம் இன்றும் வழங்குகின்றோம். அரைக்கால் எட்டில் ஒன்று. மாகாணி அல்லது வீசம் பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று.

இப்பெயர்களைச் சற்றே உற்று நோக்குவோம். அரைக்கால் என்பது காலில் அரை. ஆகவே எட்டில் ஒன்று. பெருக்கற் கணக்கு அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. மாகாணி என்பது மாவும் காணியும் சேர்ந்தது. இருபதில் ஒன்றோடு எண்பதில் ஒன்றைக் கூட்ட எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று கிடைக்கும். இங்கே கூட்டற் கணக்கு பெயராகியிருக்கின்றது. நாலுமா ஐந்தில் ஒன்று. முக்காணி எண்பதில் மூன்று. ‘முக்காலே மூன்று வீசம்’ என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்வதுண்டு. முக்கால் பன்னிரண்டு வீசமாதலின், அது பதினாறில் பதினைந்து. முழுமைக்கு ஒரு வீசமே குறைவு. ஏறத்தாழ எல்லாம் என்பதை இத்துணைத் துல்லியமாகச் சொல்லும் வழக்கு அது.

இந்நுண்மை ஏட்டளவில் நின்றதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் நிலங்களை வேலிக் கணக்கில் கூறி, மா, காணி, முந்திரிகை எனப் படிப்படியாக இறங்குகின்றன. முந்திரிகையோடும் அவை நின்றுவிடவில்லை. அதற்குக் கீழுள்ள பகுப்புகளைக் ‘கீழ்’ என்னும் அடை கொடுத்து மீண்டும் அதே வரிசையில் எண்ணுகின்றன. கீழ்முந்திரி என்பது முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒன்று. வரிக்கணக்கன் கைக்கு இவை அன்றாடக் கருவிகளாயிருந்தன.

மணலும் மரக்காலும்

இவ்வெண்களைச் சிறுவர் பயின்ற இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதுவது முதற்பயிற்சி. பின்னரே ஓலையும் எழுத்தாணியும். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் நம் நாட்டுப் பள்ளிகளில் இம்மணலெழுத்தைக் கண்டு வியந்து, மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே அது அந்நாட்டில் பரவியது.

கணக்குக்கு உரிய நூல் எண்சுவடி. நெல்லிலக்கம், பொன்னிலக்கம், கீழ்வாய் இலக்கம், குழிமாற்று எனப் பல வாய்பாடுகள் அதில் உண்டு. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர் ஒரே குரலில் பின்னே சொல்வர். இது வெறும் மனப்பாடம் என்று இகழ்வோர் உளர். ஆயின், மனத்தில் ஏறிய சொல்லுக்கு வெளியே ஒரு பொருள் காத்திருந்தது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. வாய்பாட்டில் ‘கால்’ என்றவன் வீட்டில் உழக்கைக் கண்டான். ஒரு படிக்கு இரண்டு உரி, நான்கு உழக்கு, எட்டு ஆழாக்கு. அரைக்கும் காலுக்கும் அரைக்காலுக்கும் மூன்று பாத்திரங்கள் அடுக்களையிலேயே இருந்தன. உரி நெல்லையும் உழக்கு நெல்லையும் படியில் கொட்டியவன், அதற்குமேல் இன்னும் ஓர் உழக்குக்கே இடமுண்டு என்பதைக் கண்ணால் கண்டான். அவன் ஆறில் இரண்டு என்று விடை சொல்லியிருக்க இயலாது.

திண்ணைக்கு வெளியே நின்றோர்

பழமையைப் போற்றும் ஆர்வத்தில் அதன் குறையை மறைத்தல் அறமன்று. திண்ணைப் பள்ளியில் பிரம்படி உண்டு. சிறுவனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் கொடிய தண்டனையும் உண்டு. அதனினும் பெருங்குறை ஒன்றுளது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிக் கணக்கு எடுக்கப் பணித்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, அன்றைய சென்னை மாகாணத்தில் 12,498 கல்விக்கூடங்களும் 1,88,650 மாணவரும் இருந்தனர். மாணவருள் ஆண்கள் 1,84,110, பெண்கள் 4,540. நாற்பது பேருக்கு ஒரு சிறுமி என்ற அளவும் இல்லை. உழுது விளைவித்தோரின் பிள்ளைகள் பலருக்கும் அத்திண்ணை எட்டாத உயரத்தில் இருந்தது. நெல்லை அளந்தவன் ஒருவன். அளவைக் கற்றவன் வேறொருவன்.

எம் பாட்டியார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். பள்ளி வாசலை மிதியாதவர். ஆயினும் அறுவடைக் காலத்தில் கூலி நெல் அளக்கும்போது மரக்காலுக்கும் படிக்கும் உழக்குக்கும் அவர் வாய் தவறியதை நாம் கண்டதில்லை. கையெழுத்திட வேண்டிய இடத்தில் மட்டும் பெருவிரலை நீட்டுவார். அப்போது எவர் முகத்தையும் நோக்கமாட்டார். அக்காட்சி இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. எம் மகளுக்குப் பள்ளி உண்டு, ஏடு உண்டு, ஆசிரியை உண்டு. பாட்டியாரிடம் இருந்த அளவறிவு மட்டும் அவளிடம் வந்து சேரவில்லை.

அணா போயிற்று, வீசமும் போயிற்று

1854இல் சர் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி மடலுக்குப் பின் அரசின் நிதியுதவியும் மேற்பார்வையும் பெற்ற பள்ளிகள் பெருகின. அச்சுப் புத்தகமும் சிலேட்டும் வந்தன. ஒரு கோட்டின் மேலும் கீழும் எண்ணிட்டு எழுதும் பின்னமும் வந்தது. எனினும் பழைய சொற்கள் நாணயத்தைப் பற்றிக்கொண்டு மேலும் ஒரு நூற்றாண்டு வாழ்ந்தன. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தவரை, ஓர் அணா ரூபாயில் வீசமாக விளங்கிற்று. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. அணாவுக்கு ஆறேகால் பைசா என்றானதும், வீசத்தைக் கையில் பிடித்துக் காட்ட ஒரு நாணயமில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிப் படிப்படியாக வந்த கிலோவும் லிட்டரும் உழக்கையும் ஆழாக்கையும் பரணுக்கு அனுப்பின. காலுக்குச் சான்றாய் எஞ்சிய இருபத்தைந்து காசும் 2011 சூன் 30ஆம் நாளோடு செல்லாதாயிற்று.

இம்மாற்றங்கள் வேண்டாதன என்பது நம் கருத்தன்று. ஒன்றை மூன்றாகவோ ஏழாகவோ பகுத்தால், முந்திரிக் கணக்கு கீழே கீழே இறங்கியும் முடிவதில்லை. கோட்டுப் பின்னமோ எந்தப் பகுப்பையும் இரண்டே எண்களில் முடித்துவிடும். ஆற்றல் மிக்க கருவிதான். ஆனால், பாதையின் முடிவில் கொடுக்கவேண்டிய அதனைத் தொடக்கத்திலேயே குழந்தையின் கையில் கொடுத்தோம். மேலொன்றும் கீழொன்றுமாய் இரண்டு முழு எண்களைக் காணும் குழந்தை அவற்றை இரண்டாகவே கருதுகின்றது. நான்கு மூன்றினும் பெரிதாதலால், நான்கில் ஒன்று மூன்றில் ஒன்றினும் பெரிது என்று துணிகின்றது. ‘கால்’ என்ற பெயரைக் கேட்பவனுக்கு அது ஒரே பொருள், ஒரே அளவு.

வடபுலத்தாரிடமும் இச்செல்வம் உண்டு. இத்தலைநகரின் காய்கறிச் சந்தையில் ஒன்றேகாலைச் ‘சவா’ என்றும், ஒன்றரையை ‘டேட்’ என்றும், இரண்டரையை ‘டாயி’ என்றும், ஒன்றேமுக்காலைப் ‘பௌனே தோ’ என்றும் கூறுகின்றனர். இவற்றுக்கும் பாடசாலைகளில் வாய்பாடுகள் ஓதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி வந்த நான்காம் வகுப்புக் கணித நூலில், அரையையும் காலையும் பற்றியே ஓர் அத்தியாயம் அமைந்தது. குழந்தை அறிந்த சொல்லினின்று தொடங்கவேண்டும் என்ற உண்மை மீண்டும் உணரப்பட்டதற்கு அது நற்சான்று.

தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறித் தரத்தில் இடம்பெற்று, கணிப்பொறியில் ஏறிவிட்டன. பொறிக்குள் இடம் கிடைத்த சொற்களுக்குக் குழந்தைகளின் நாவிலும் இடம் கிடைக்கவேண்டாவோ? தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் விடுமுறை நாள் வகுப்புகளுக்கு நாம் வேண்டுவது பெரிதன்று. நான்கு குவளையும் ஒரு பை அரிசியும் போதும். முதலில் பெயர், அடுத்து அளவு, கடைசியில் கோடு என்பது முறையாகட்டும். பிரம்பு வேண்டா, எவரும் வெளியே நிற்கவும் வேண்டா.

அன்று இரவு பரணிலிருந்து பாட்டியாரின் பழைய உழக்கை எடுத்துத் துடைத்து மகளிடம் தந்தோம். உரிக்கு ஈடாக இரண்டு முறை, காலுக்கு ஒரு முறை எனப் பாத்திரத்தில் அரிசி கொட்டி, “மூன்று உழக்கு, ஒரு படிக்கு இன்னும் ஒன்று வேண்டும், அப்படியானால் முக்கால்!” என்றாள். பின்னர் ஏட்டைத் திறந்து, சிவப்புக் கோட்டின் அருகே நான்கில் மூன்று என்று தானே எழுதினாள்.