வானத்தைக் கணித்தவர்களும் காட்டியவர்களும்: ஒரு சிறுதொழிலின் முன்வரலாறு

எல்லைப்புறப் பேச்சுவழக்கு குறித்த களப்பணிக்காகக் கடந்த தை மாதம் கோவிந்தாபுரத்தில் தங்கியிருந்தேன். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், சோதனைச் சாவடியைக் கடந்ததும் முதலமடையின் மாந்தோப்புகள் தொடங்கிவிடும். அங்கே ஓர் இளைஞர் சிறிய தொழில் ஒன்றைத் தொடங்கும் முனைப்பில் இருந்தார். தோப்பின் நடுவே ஒரு தொலைநோக்கி, பத்துப் பேர் அமரப் பாய்கள், இரண்டு மணிநேர வான்காட்சி, பிறகு கட்டஞ்சாயா. ஒத்திகைக்கு என்னையும் அழைத்திருந்தார்.

கைப்பேசிச் செயலியைப் பார்த்துக்கொண்டே அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். பிளையேடீஸ் என்று அவர் சுட்டிய கூட்டத்தை, தோப்புக் காவலுக்கு வந்திருந்த முதியவர் ஒருவர், "அது ஆறாமீன் அல்லவா தம்பி" என்றார். இளைஞர் சிரித்துவிட்டு அடுத்த விண்மீனுக்குச் சென்றார். அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவில்லை. காசு கொடுத்து வானம் பார்க்க வருவோருக்கு எந்தப் பெயரில், எந்த அறிவின் துணையோடு வானத்தைக் காட்டுவது? இந்தக் கேள்விக்கு நம் நிலத்தில் நெடிய வரலாறு இருக்கிறது என்பதைச் சொல்லவே இப்பதிவு.

வானறிவு பிழைப்பாக இருந்தது புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்தில் வாழ்ந்தோர் வரிசையில் காலக்கணிதரையும் நாழிகைக் கணக்கரையும் வைக்கிறது. சங்கப் பாடல்களில் அறுமீனும் எழுமீனும் வடமீனும் உண்டு. கார்த்திகைக் கூட்டத்துக்கு ஆரல் என்ற பெயரும் உண்டு. ஆக, முதியவர் சொன்ன ஆறாமீன் பிழைவழக்கன்று. அறுமீனுக்கு நேர் உறவு. ஆயினும் நூல்கள் போற்றிய வல்லமை, பொழுதையும் நாளையும் அளந்து சொல்வதே. பிறருக்கு வானத்தைச் சுட்டிக்காட்டுவது தனித்தொழிலாக அறியப்படவில்லை.

கணிப்புக்கும் காட்சிக்கும் இடையிலான உறவை ஆழமாக எண்ணியவர்கள் பாரதப்புழைக் கரையில் வாழ்ந்தார்கள். கோவிந்தாபுரத்துக்கு அருகில் ஓடும் காயத்ரிப்புழை அந்த ஆற்றில்தான் கலக்கிறது. ஆற்றின் கடைப்பகுதியில் வாழ்ந்த வடசேரிப் பரமேசுவரர், 1393 முதல் 1432 வரை தாம் கண்ட கிரகணங்களைக் குறித்து வைத்தார். கணக்கு சொன்ன நேரத்துக்கும் கண் கண்ட நேரத்துக்கும் இடையே விலகல் இருப்பதை உணர்ந்து, 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். இங்கு மொழியியல் மாணவர்கள் சற்று நிற்க வேண்டும். திருக்கணிதம் என்பதில் உள்ள 'திரு', திருக்கோயில் என்பதில் வரும் மங்கலச் சொல் அன்று. அது 'த்ருக்', அதாவது பார்வை. பார்த்துத் திருத்திய கணிதம் என்பதே பொருள். தமிழ் ஒலியமைப்புக்குள் வந்ததும் பார்வை மறைந்து திரு நின்றுவிட்டது.

பாராமலே கணிக்கும் மரபும் எளிதானதன்று. வெள்ளி இடைமறிப்பைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீல், 1769 சூன் மாதம் அந்நாளில் மேகம் மூடியதால் ஏமாந்தார். ஆனால் அங்கே தங்கிய காலத்தில் தமிழர் கணிப்பு முறையைக் கற்றார். சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு கணிப்பவர்கள் அவர்கள். 1765 ஆகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைந்தது. ஐரோப்பாவின் மேயர் அட்டவணை 68 நொடி மிகுந்தது. 1825இல் சென்னையில் 'கால சங்கலித'த்தை வெளியிட்ட ஜான் வாரனும், சோழி கொண்டு கிரகணம் கணித்த ஒருவரைப் புதுச்சேரியில் கண்டு எழுதினார். இச்சான்றுகளை எடுத்துக்கொண்டு ஆட்டோ நொய்கெபாயர் 1952இல் 'தமிழ் வானியல்' என்ற கட்டுரையில், இம்முறையின் வேர்கள் பாபிலோனிய எண்முறைக் கணிப்புகளோடு உறவுடையவை என்று விளக்கினார். அவ்வளவு தொலைவு பயணித்த அறிவு, சோழிகளுக்கும் நினைவுக்கும் உள்ளே இயங்கியது. அதைக் காண வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

காட்டுதல் என்பது பொதுச்செயலாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தின் கருங்கல் தூணில் இலத்தீனோடு தமிழும் தெலுங்கும் பொறிக்கப்பட்டன. கல்லில் தமிழ் இருந்தாலும், உள்ளே நடந்த பணி ஆங்கிலேய ஆட்சிக்கான அளவைப் பணியே. 1871 திசம்பர் 12ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் கொங்குநாட்டைக் கடந்தபோது, அரசு வானியலாளர் போக்சனின் குழு அவிநாசியிலும், டென்னன்ட் தொட்டபெட்டாவிலும், பிரெஞ்சுக்காரர் ழான்சென் நீலகிரியின் சோலூரிலும், லாக்யர் பேக்கல் கோட்டையிலும் கூடாரமிட்டனர். கோவிந்தாபுரத்துக்குச் சற்று வடக்கே சென்ற பாதை அது. வானம் பார்க்கத் தொலைவிலிருந்து மனிதர்கள் இந்த மலையோரங்களுக்கு வந்த வரலாற்றில் அந்நாளுக்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் வந்தவர்கள் பார்த்தார்கள். இருந்தவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர், அதே வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவர். 1872இல் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானவர். 1874ஆம் ஆண்டு வெள்ளி இடைமறிப்பை முன்னிட்டு, பொதுமக்களுக்காக ஒரு சிறுநூல் எழுதி, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் வெளிவரச் செய்தார். சித்தாந்தி ஒருவர் விளக்கம் சொல்லும் உரையாடலாக அதை அமைத்தார். கேட்பவருக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்கித் தெரியாத செய்திக்கு அழைத்துச் செல்லும் வழி அது. பார்வையோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் அவர் அச்சிட்டார். வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு இன்றும் நம் வீட்டு நாட்காட்டிகளில் தொடர்கிறது. என் கருத்தில், தமிழகத்தில் வான்வழிகாட்டி என்ற பெயருக்கு உரிய முன்னோடி அவரே.

இன்றைய நிலைக்கு வருவோம். லடாக்கின் ஹான்லேயில் 2022 திசம்பரில் இருள்வான் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர்களைச் சேர்ந்த 24 பேர் பயிற்சி பெற்று, தொலைநோக்கிகளோடு பயணிகளுக்கு வானம் காட்டி வருமானம் ஈட்டுகிறார்கள். அவர்கள் முதலீடு இருள். அதை ஊரே கூடிக் காக்கிறது. கோவிந்தாபுரத்தின் கணக்கு கடினமானது. தென்மேற்குப் பருவமழை மாதங்கள் பயன்படா. மார்கழி முதல் பங்குனி வரை நான்கு மாதம், அதில் நிலவொளி தொல்லை தராத பத்து இரவுகள் வீதம் ஏறத்தாழ நாற்பது இரவுகளே கிடைக்கும். அதுவே முதலமடையின் மாங்காய்ப் பருவமும். காவல் விளக்குகள் எரியும் காலம். கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். ஒரு கைவிளக்கு அதை ஒரு நொடியில் அழித்துவிடும். ஆகவே காவல்காரரின் ஒத்துழைப்பு இல்லாமல் இத்தொழில் நடவாது.

இதைத்தான் அந்த இளைஞரிடம் சொன்னேன். விளக்கை அணைக்கச் சொல்லி முதியவரிடம் கேட்கும் முன், அவர் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். செயலியின் பெயரை விட வேண்டியதில்லை. ஆறாமீன் என்று தொடங்கிப் பிளையேடீஸில் முடிக்கலாம். ரகுநாதாச்சாரி செய்தது ஏறத்தாழ அதுவே. இளைஞர் உடனே ஒப்பவில்லை. பணம் கொடுத்து வருகிறவர்கள் இதையா கேட்க வருகிறார்கள் என்றார். நேர்மையான ஐயம். ஆனால் பிளையேடீஸை எந்த ஊரிலும் எந்தச் செயலியும் காட்டும். ஆறாமீனை அந்தத் தோப்பில்தான் காட்ட முடியும்.

வாக்கியக் கணிப்பு நூலேறியதால் பிழைத்தது. காவல்காரர், இரவு நீர் பாய்ச்சுபவர், ஆட்டுக்கிடை போடுபவர் ஆகியோரின் வான்பெயர்கள் பெரும்பாலும் நூலேறவில்லை. மின்விளக்குக்கு முன் இரவில் உழைத்த தலைமுறை மறைந்துவருகிறது. எல்லையின் இருபுறமும் பணியாற்றும் மாணவ நண்பர்கள், களத்துக்குச் செல்லும்போது உறவுப்பெயர்களையும் பயிர்ப்பெயர்களையும் கேட்பதோடு, இரவில் ஒருமுறை வெளியே வந்து நின்று, அண்ணாந்து, "அதற்கு இங்கே என்ன பெயர்?" என்றும் கேளுங்கள். விடையைச் சொன்னவரின் ஊரோடும் தொழிலோடும் பதிவுசெய்யுங்கள். திருக்கணிதத்தில் மறைந்துபோன அந்தப் பார்வை, குறைந்தது நம் களக்குறிப்பேடுகளிலாவது மீளட்டும்.